நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்': முரட்டு ஓசைக்குள் இருக்கும் அடுக்குகள்

நிர்வாணா குழுவின் இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் 'நெவர்மைண்ட்'. 1991 செப்டம்பர் 24 அன்று வெளிவந்தது. ஆல்டர்நேட்டிவ் ராக் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பலர் தொடங்குவது இதில்தான். முதல் பாட்டான 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்'டை இரண்டு தடவை கேட்பார்கள். மூன்று பேர் ஓர் அறையில் நின்று ஒரே மூச்சில் அடித்து நொறுக்கியது போல இருக்கும். அத்தோடு அந்த ஆல்பத்தைப் புரிந்துகொண்டதாக நினைத்து நகர்ந்துவிடுவார்கள்.

அந்த முரட்டு ஓசை தற்செயலாக வந்ததல்ல. ஒரே கிட்டாரை ஐந்து முறை பதிவு செய்து, ஒரே வரியை இரண்டு முறை பாடவைத்து, பிறகு வேறொருவர் கையில் கொடுத்துக் கலக்கவைத்து வந்த ஓசை அது. எந்த அடுக்கு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டால் மற்ற ராக் ஆல்பங்களையும் அதே காதோடு கேட்கலாம். வீட்டில் கிட்டார் வைத்திருப்பவர்கள் இதில் பாதியைச் செய்தும் பார்க்கலாம்.

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்

நிர்வாணா வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் என்ற சிற்றூரில் 1987-ல் தொடங்கிய குழு. பாட்டும் கிட்டாரும் கர்ட் கோபேன், பேஸ் கிட்டார் கிறிஸ்ட் நோவோசெலிக். டிரம்ஸ் வாசிப்பவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள். முதல் ஆல்பம் 'ப்ளீச்', சியாட்டிலில் ஜாக் எண்டினோ என்ற பதிவாளரிடம் எடுத்தது. மொத்தச் செலவு 606 டாலர் 17 சென்ட். அந்தப் பணத்தைக் கொடுத்தவர் ஜேசன் எவர்மேன். அவர் அந்த ஆல்பத்தில் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை; ஆனாலும் அட்டையில் கிட்டார் கலைஞர் என்று பெயர் இருக்கிறது. 1989-ல் 'சப் பாப்' என்ற சின்ன கம்பெனி அதை வெளியிட்டது.

இரண்டாவது ஆல்பத்துக்கு வரும்போது மூன்று விஷயங்கள் மாறிவிட்டன. 1990 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் இருந்த ஸ்மார்ட் ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் புட்ச் விக்கோடு சில பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டேவ் க்ரோல் டிரம்ஸுக்கு வந்தார். பிறகு கெஃபென் குழுமத்தின் டிஜிசி நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. 1991 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வான் நைஸ் பகுதியில் இருக்கும் சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில் முக்கியப் பதிவு நடந்தது. ஒதுக்கிய பட்ஜெட் 65,000 டாலர். எல்லாம் முடியும்போது செலவு அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது.

பணம் கூடியது என்றால் என்ன கூடியது என்று கேட்கலாம். நேரம்தான். 'ப்ளீச்' பதிவுக்கு ஆன நேரம் ஏறத்தாழ முப்பது மணி. அந்த வேகத்தில் ஒரு வரியை மறுபடி பாடவோ, ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) மாற்றிப் பார்க்கவோ இடமில்லை. சவுண்ட் சிட்டியில் அதற்கெல்லாம் வாரக்கணக்கில் இடம் கிடைத்தது. கீழே சொல்லப்போகும் எல்லா அடுக்குகளும் அந்த நேரத்தில் விளைந்தவை.

கேட்க வேண்டிய வரிசை

ஆல்பத்தை வரிசைப்படி கேட்காதீர்கள். முதல் பாட்டில் எல்லா அடுக்கும் ஒரே நேரத்தில் காதில் விழும். புதியவருக்கு எதுவும் பிரியாது. அடுக்கு குறைவாக உள்ள பாட்டில் தொடங்கிக் கூடுதலானதுக்குப் போவதுதான் சுலபம். ஹெட்போன் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இடது வலது வேறுபாட்டில்தான் பாதி விஷயம் இருக்கிறது. போனில் உள்ள ஒலிபெருக்கியில் அது தெரியாது.

முதலில் 'பாலி'. இது சவுண்ட் சிட்டியில் எடுத்ததல்ல; மேடிசனில் 1990-ல் எடுத்த பதிவு அப்படியே ஆல்பத்தில் இருக்கிறது. ஓர் அக்கூஸ்டிக் கிட்டார், பேஸ், குரல், அவ்வளவுதான். இடையிடையே விழும் சிம்பல் அடிகள் அப்போது டிரம்ஸ் வாசித்த சாட் சானிங்குடையவை. கிட்டார் பழைய மலிவு விலை ஸ்டெல்லா. ஆறு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தது. அதனால்தான் 'தொம் தொம்' என்று மரப்பெட்டியைத் தட்டுவது போல ஒலிக்கிறது. பாட்டின் நடுவில், இசை மட்டும் போகும் இடத்தில், கோபேன் முந்திக்கொண்டு அடுத்த சரணத்தைப் பாடத் தொடங்கி நிறுத்திவிடுவார். அந்தத் தவறை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். பாட்டின் பொருளும் கனமானது: 1987-ல் டகோமாவில் நடந்த ஒரு சிறுமி கடத்தலை, கடத்தியவனின் வாயிலிருந்தே சொல்கிற பாட்டு. சத்தமில்லாமல் பாடுவதால்தான் அது அவ்வளவு நடுக்கம் தருகிறது.

அடுத்து கடைசிப் பாட்டு, 'சம்திங் இன் த வே'. பாடம் நிறைய உள்ள பாட்டு இது. குழுவாக வாசித்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கோபேன், பதிவான ஒலிகளைக் கலக்கும் மிக்ஸிங் மேசை இருக்கும் அறைக்கு வந்து சோபாவில் படுத்துக்கொண்டு, இப்படி இருக்க வேண்டும் என்று கிசுகிசுப்பான குரலில் பாடிக் காட்டினார். விக் அங்கேயே மைக்குகளை வைத்தார்; மின்விசிறி, தொலைபேசி எல்லாவற்றையும் நிறுத்தினார்; கதவை மூடினார். பாட்டும் கிட்டாரும் அங்கேயே பதிவாயின.

சிக்கல் அதற்குப் பிறகுதான். சாதாரணமாக ராக் பதிவில் டிரம்ஸ்தான் முதலில் போகும், மற்றவை அதன் மேல் ஏறும். இங்கே தலைகீழ். கோபேன் பாடியபோது தாளத்தைக் காட்ட எந்தக் கருவியும் இல்லை, வேகம் கொஞ்சம் கூடியும் குறைந்தும் போகிறது. க்ரோல் அடித்தால் சுவர் அதிரும்; அவர் அந்த அசையும் வேகத்தைப் பிடித்துக்கொண்டு மிக மெல்ல வாசிக்க வேண்டியிருந்தது. கிட்டாரின் சுருதியும் சரியாக இல்லை, சுருதி காட்டும் கருவியான டியூனர் எதற்கும் ஒத்துவராத ஓர் உயரத்தில் நின்றது. எனவே பின்னால் வந்த பேஸும், கர்க் கேனிங் வாசித்த செல்லோவும் டியூனரைப் பார்க்காமல் அந்தக் கிட்டாருக்கே சுருதி சேர்க்க வேண்டியதாயிற்று.

வீட்டில் பதிவு செய்கிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. கிட்டாரையும் குரலையும் முதலில் பதிவு செய்துவிட்டு, ஒரு வாரம் கழித்து பேஸ் சேர்க்க உட்காருவார்கள். டியூனர் 'சரி' என்று பச்சை விளக்குக் காட்டும், ஆனால் பதிவோடு சேர்த்து வாசித்தால் கசக்கும். காரணம், பழைய பதிவில் கிட்டார் ஐந்து பத்து சென்ட் இறங்கி இருந்திருக்கும். சென்ட் என்பது ஓர் அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு. இதற்கு வழி எளிது. பழைய பதிவின் ஒரு தெளிவான சுரத்தை டியூனருக்குக் கேட்கவைத்து, அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, புதுக் கருவியையும் அதே அளவு இறக்குங்கள்.

மூன்றாவது 'கம் அஸ் யூ ஆர்'. இப்போது மின் கிட்டார் வருகிறது. எல்லாக் கம்பிகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கியிருக்கிறார்கள்: தடித்த கம்பியிலிருந்து டி, ஜி, சி, எஃப், ஏ, டி. யூடியூப் பார்த்து இதை வாசித்துப் பழகியவர், ஆல்பத்தோடு சேர்ந்து வாசிக்கும்போது ஒத்துப்போகவில்லை என்று குழம்புவதற்கு இதுதான் காரணம். விரல் சரியான இடத்தில்தான் இருக்கும், கம்பி இரண்டு ஃபிரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள குறுக்குக் கட்டு) உயரத்தில் இருக்கும். அந்தக் கிட்டாரின் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போன்ற நெளிவு, எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்மால் க்ளோன்' என்ற பெடலில், அதாவது காலால் இயக்கி ஒலியை மாற்றும் சிறு பெட்டியில், கிடைத்தது. பெடல் செய்வது இவ்வளவுதான்: வந்த ஒலியின் நகல் ஒன்றை எடுக்கும், அதைச் சில மில்லிநொடி தாமதப்படுத்தும், அந்தத் தாமதத்தை மெல்ல மெல்லக் கூட்டிக் குறைக்கும். அசலும் நகலும் ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போகாததால் ஓசை அலைகிறது.

இரண்டே சுரத்தில் ஒரு சுவர்

இப்போது 'டீன் ஸ்பிரிட்'டுக்கு வரலாம். மொத்தப் பாட்டும் நான்கு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மேல் நிற்கிறது: எஃப், பி ஃபிளாட், ஏ ஃபிளாட், டி ஃபிளாட். எல்லாம் பவர் கார்டு எனப்படும் வகை. இங்கே கிட்டார் சாதாரண டியூனிங்கில்தான் இருக்கிறது. தடித்த கம்பியை ஆறாவது என்று கணக்கு வைத்துக்கொண்டால், எஃப் என்பது ஆறாவது கம்பியில் முதல் ஃபிரெட், ஐந்தாவதில் மூன்றாவது ஃபிரெட். அதே வடிவத்தை அப்படியே அடுத்த கம்பிக்கு நகர்த்தினால் பி ஃபிளாட். ஆறாவது கம்பியில் நான்காவது ஃபிரெட்டிலிருந்து அதே வடிவம் ஏ ஃபிளாட். அதை ஐந்தாவது கம்பிக்கு நகர்த்தினால் டி ஃபிளாட். கை ஒரே வடிவம்தான், இடம்தான் மாறுகிறது.

சாதாரண கார்டில் குறைந்தது மூன்று சுரம் இருக்கும். பவர் கார்டில் இரண்டுதான், நம் கணக்கில் ச-வும் ப-வும். கார்டு மேஜரா மைனரா என்று முடிவு செய்யும் காந்தாரம் இதில் கிடையாது. ஏன் அதை விட்டுவிடுகிறார்கள் என்றால், காரணம் டிஸ்டார்ஷனில் இருக்கிறது.

கிட்டார் ஒலியை அளவுக்கு மேல் பெருக்கி அலையின் தலையை வெட்டிவிடுவதுதான் டிஸ்டார்ஷன். அப்படி வெட்டும்போது, உள்ளே போன இரண்டு சுரங்களின் கூட்டலும் கழித்தலும் புதுச் சுரங்களாக வெளியே வருகின்றன. தாழ்ந்த எஃப் சுமார் 87 ஹெர்ட்ஸ், அதன் மேல் உள்ள சி சுமார் 131 ஹெர்ட்ஸ். கழித்தால் 44 வரும். அது எஃப் சுரத்தின் ஒரு ஸ்தாயி கீழே உள்ள எஃப்! கிட்டாரில் அப்படி ஒரு கம்பியே இல்லாதபோதும் பேஸ் போன்ற ஓர் அடித்தளம் தானாகப் பிறந்துவிடுகிறது. நடுவில் காந்தாரத்தையும் சேர்த்தால் வரும் கழித்தல்கள் எதனோடும் ஒட்டாத சுரங்களாக விழும், ஓசை சேறாகிவிடும். ஆரம்பத்தில் கிட்டார் கற்பவர்கள் ஆறு கம்பியிலும் பிடித்த முழு கார்டை டிஸ்டார்ஷனில் அடித்துவிட்டு, பெடல் சரியில்லை என்று கடையில் போய் மாற்றுவார்கள். பெடல் மேல் பழி இல்லை.

கோபேன் இங்கே பயன்படுத்திய டிஸ்டார்ஷன் பெடல் பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1. ஆரஞ்சு நிறப் பெட்டி, இன்றைக்கும் விற்கிறது, பெடல்களிலேயே மலிவான வகைதான். அதை மட்டும் வாங்கினால் இந்த ஓசை வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏன் என்பதைக் கீழே பாருங்கள்.

பாட்டின் அமைப்பைக் கவனியுங்கள். முதல் எட்டு நொடி அளவுக்கு டிஸ்டார்ஷன் இல்லாத ஒற்றைக் கிட்டார். பிறகு டிரம்ஸ் வந்து விழுந்ததும் அதே நான்கு கார்டு பத்து மடங்கு பெருத்துவிடும். சரணம் வந்ததும் கிட்டார் கிட்டத்தட்டக் காணாமல் போகும். மெல்லிய கம்பிகள் இரண்டில் முதல் ஃபிரெட்டில் உள்ள சி, எஃப் என்ற இரண்டே சுரம் சொட்டுச் சொட்டாக ஒலிக்கும். பாட்டைத் தாங்குவது பேஸும் டிரம்ஸும்தான். நான்கு கார்டின் அடிச்சுரத்தையும் நோவோசெலிக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். பல்லவியை நெருங்கும்போது அந்த இரண்டு சுரம் மேலும் நெருக்கமாகி, மேலே சொன்ன ஸ்மால் க்ளோன் நெளிவோடு வரும். பல்லவியில் மறுபடி சுவர்.

மெல்ல, உரக்க, மெல்ல, உரக்க என்கிற இந்த அமைப்பு இவர்கள் கண்டுபிடித்ததல்ல. பாஸ்டனிலிருந்து வந்த பிக்ஸீஸ் குழு 1980-களின் கடைசியிலேயே இதைச் செய்துகொண்டிருந்தது. அவர்களைக் காப்பியடிக்கத்தான் முயன்றேன் என்று கோபேனே 1994-ல் வெளியான பேட்டியில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். க்ரோலும் தன் பங்குக்கு, அந்தப் பாட்டின் டிரம் தொடக்கத்தை கேப் பேண்ட், கேமியோ போன்ற ஃபங்க், டிஸ்கோ குழுக்களிடமிருந்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். பங்க் ராக் என்று நாம் நினைக்கிற பாட்டின் முதல் அடி நடன இசையிலிருந்து வந்தது.

கிட்டார் சோலோ வரும்போது கூடவே முணுமுணுத்துப் பாருங்கள். சரணத்தின் மெட்டையே கிட்டார் அப்படியே திரும்பச் சொல்கிறது. வேகமாக விரலை ஓட்டிக் காட்டும் சோலோக்கள் கோலோச்சிய காலத்தில், புதிதாகக் கிட்டார் கற்றவரும் வாசிக்கக்கூடிய சோலோ. என்னைக் கேட்டால், இந்த ஆல்பம் அத்தனை பேர் கையில் கிட்டாரைக் கொடுத்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஒருவர் இருவராவது

பல்லவியில் வரும் சுவருக்கு இன்னொரு பாதிக் காரணம் இரட்டைப் பதிவு. ஒரே பகுதியை ஒருவரே இரண்டு முறை தனித்தனியாக வாசித்து அல்லது பாடி, இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுவது. எவ்வளவு கவனமாகப் பாடினாலும் இரண்டாவது தடவையில் நேரம் சில மில்லிநொடியும் சுருதி சில சென்ட்டும் விலகும். அந்த விலகல்தான் ஓசைக்குப் பருமன் தருகிறது.

கோபேனுக்கு இது பிடிக்கவில்லை. ஏமாற்று வேலை என்று நினைத்தார். விக் அதற்கு ஒரு மருந்து வைத்திருந்தார்: ஜான் லெனன் இதைச் செய்தார் என்று சொல்வார். கோபேன் பீட்டில்ஸ் பைத்தியம், உடனே மைக்குக்குப் போய்விடுவார். அது பொய்யும் இல்லை. லெனன் இரட்டைப் பதிவை அவ்வளவு விரும்பினார். இரண்டு முறை பாடுவதுதான் அவருக்குச் சலிப்பு. அதற்காகவே 1966-ல் அபே ரோடு ஸ்டுடியோவின் கென் டவுன்சென்ட், நாடா இயந்திரங்களைக் கொண்டு தானாக இரட்டிப்பாக்கும் முறையை உருவாக்கினார். சில சமயம் விக் அந்தக் காரணமும் சொல்லவில்லை. ஏதோ கோளாறு, பதிவாகவில்லை, இன்னொரு தடவை என்று சொல்லி இரண்டாவதையும் வாங்கிவிடுவார்.

'இன் ப்ளூம்' பாட்டின் பல்லவியைக் கேளுங்கள். கோபேனின் குரல் இரண்டு, மேலே க்ரோலின் இணைக்குரல் இரண்டு. சரணத்தில் ஒற்றைக் குரல் பேசுவது போல இருக்கும். பல்லவியில் கூட்டம் வந்துவிடும். 'ட்ரெயின் யூ' இன்னும் ஒரு படி மேல். கிட்டார் அடுக்கு அதிகம் உள்ள பாட்டு இதுதான்: டிஸ்டார்ஷன் இல்லாத ஒரு பதிவு, அதன் மேல் வேறு வேறு ஆம்ப்பில் எடுத்த டிஸ்டார்ஷன் பதிவுகள் ஐந்து. மெசா பூகி ஒன்றின் ஓசை, ஃபெண்டர் பாஸ்மேன் ஒன்றின் ஓசை என்று கலந்திருக்கும். டிஎஸ்-1 மட்டும் வாங்கிய நம் நண்பருக்கு இந்த ஓசை கிடைக்காததன் ரகசியம் இதுதான். நடுவில் எல்லாம் அடங்கி ஒலிகள் கொதித்து ஏறும் பகுதியில் கீச்சிடும் ரப்பர் பொம்மைச் சத்தமும் கேட்கும்.

இதை வீட்டில் செய்து பார்க்க, எந்த இலவசப் பதிவு மென்பொருளும் போதும். கிட்டார் பகுதியை ஒருமுறை வாசித்துப் பதிவு செய்யுங்கள். அதை இடது ஓரத்துக்கு முழுதாகத் தள்ளுங்கள். பிறகு அதே பகுதியை இன்னொரு தடவை வாசித்து வலது ஓரத்துக்குத் தள்ளுங்கள். இரண்டையும் ஒரே ஒலியளவில் வையுங்கள். நடுவில் குரலுக்கு இடம் திறந்துகொள்வதை உடனே உணர்வீர்கள்.

முதல் பதிவையே நகலெடுத்து மறுபக்கம் ஒட்டினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். ஒன்றும் நடக்காது. இரண்டு காதிலும் அச்சாக ஒரே ஒலி வந்தால் மூளை அதை நடுவில் உள்ள ஒற்றை ஒலியாகத்தான் எடுத்துக்கொள்ளும். சத்தம் கூடும், அகலம் வராது. நகலைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் அகலம் வரும், ஆனால் மோனோவில், அதாவது ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். ஒரு மில்லிநொடி தள்ளினால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஓசையில் பள்ளம் விழும். குழாய்க்குள்ளிருந்து வருவது போல மெலிந்து கேட்கும். உண்மையாகவே இரண்டாவது முறை வாசித்ததில் விலகல் கணத்துக்குக் கணம் மாறுவதால் பள்ளம் ஓரிடத்தில் நிலைக்காது.

இன்னும் சில இடங்களில் சறுக்கும். இரண்டு பதிவுக்கும் நடுவே சுருதி பார்க்காமல் விடுவது முதலாவது; பலமாக அடித்து வாசிக்கும்போது மூன்று நிமிடத்தில் கம்பி இறங்கிவிடும், ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் டியூனரைப் பாருங்கள். இரண்டாவது, டிஸ்டார்ஷன் அளவு. ஒற்றைக் கிட்டாரில் நன்றாக இருக்கும் அளவை அப்படியே வைத்து நான்கு அடுக்கு ஏற்றினால், கார்டு மாறுவதே கேட்காது, தொடர் இரைச்சலாகிவிடும். அடுக்கு கூடக் கூட டிஸ்டார்ஷனைக் குறைக்க வேண்டும். பெரிய ஓசை வேண்டும் என்பவர் குறைவான டிஸ்டார்ஷனில் பலமுறை வாசிப்பதுதான் முறை. குரலில் வரும் சிக்கல் வேறு: 'ஸ்', 'ட்' போன்ற கூர்மையான ஒலிகள் இரண்டு பதிவிலும் இம்மி விலகினாலும் 'ஸ்ஸ', 'டட' என்று இரட்டையாகத் தெறிக்கும். இரண்டாவது பதிவில் அந்த ஒலிகளை மென்மையாகப் பாடிவிட்டால் போதும், அல்லது அந்த இடத்தில் மட்டும் ஒலியைக் குறைத்துவிடலாம்.

அடுக்கே இல்லாத ஓசையும் இந்த ஆல்பத்தில் இருக்கிறது. 'டெரிடோரியல் பிஸ்ஸிங்ஸ்' பாட்டில் ஆம்ப் வைக்காமல் கிட்டாரை நேராக மிக்ஸிங் மேசையில் சொருகிவிட்டார்கள். காதைச் சுரண்டும் அந்த வறண்ட ஓசைக்கு அதுதான் காரணம். அங்கே அது பொருந்துகிறது. முழு ஆல்பமும் அப்படி இருந்திருந்தால் தாங்காது.

தாளம் ஓடும்போது

டிரம்ஸ் பற்றிச் சுருக்கமாக. க்ரோல் வாசித்தது வாடகைக்கு எடுத்த டிரம் செட். ஸ்னேர் எனப்படும், கூர்மையாக அடி விழும் டிரம் மட்டும் கனமான பித்தளையில் செய்த டாமா. அதன் செல்லப்பெயர் 'டெர்மினேட்டர்'. அறையின் ஓசை டிரம்ஸுக்கு முக்கியம் என்பதால்தான் சவுண்ட் சிட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய அறை, கூடவே நீவ் 8028 மிக்ஸிங் மேசை. பின்னாளில் அந்த மேசையை க்ரோலே வாங்கித் தன் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்விட்டார்.

'லித்தியம்' பாட்டில் ஒரு பிரச்சினை வந்தது. மெல்லிய சரணத்திலிருந்து உரத்த பல்லவிக்குத் தாவும்போது குழு வேகமெடுத்துவிடும், மறுபடி சரணத்தில் இறங்கும்போது அந்த வேகம் ஒட்டாது. உரக்க வாசிக்கும்போது கை தானாக ஓடுவது எல்லா டிரம்மருக்கும் உள்ளதுதான். தாளம் காட்டும் 'க்ளிக்' ஒலியைக் காதில் கேட்டபடி வாசிக்கச் சொன்னார் விக். க்ரோல் அதுவரை அதைத் தவிர்த்தவர், கடைசியில் ஏற்றுக்கொண்டார். சரியாக வராத ஒரு முயற்சியின்போது எரிச்சலில் மூவரும் வேறெதையோ காட்டுத்தனமாக வாசிக்கத் தொடங்க, கோபேன் கிட்டாரை உடைத்ததோடு அது முடிந்தது. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. அதுதான் 'எண்ட்லெஸ், நேம்லெஸ்'. கடைசிப் பாட்டு முடிந்து ஏறத்தாழ பத்து நிமிடம் அமைதிக்குப் பிறகு ஒளிந்துவரும். முதலில் அச்சான சிடிகளில் அது தவறுதலாக விடுபட்டுப்போனது. கையில் பழைய சிடி கிடைத்தால் பன்னிரண்டாவது பாட்டின் நீளத்தைப் பாருங்கள்: நான்கு நிமிடத்துக்குள் இருந்தால் விடுபட்ட பதிப்பு, இருபது நிமிடத்தைத் தாண்டினால் பிந்தையது.

மிக்ஸிங் யார் கையில்

பதிவு முடிந்ததும் இருபது சொச்சம் தடங்களில் டிரம்ஸ், கிட்டார், குரல் எல்லாம் தனித்தனியாக இருக்கும். எதை எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கத்தில், எவ்வளவு எதிரொலியோடு வைப்பது என்று முடிவு செய்து இரண்டு தடமாகச் சுருக்குவது மிக்ஸிங். அதற்குப் பிறகு மொத்த ஆல்பத்தின் ஒலியளவையும் தன்மையையும் பாட்டுக்குப் பாட்டு சமன்செய்து அச்சுக்குத் தயார் செய்வது மாஸ்டரிங். இரண்டையும் ஒன்றென நினைப்பவர்கள் அதிகம்.

விக்கும் குழுவும் முதலில் தாங்களே மிக்ஸ் செய்தார்கள். திருப்தி இல்லை. கோபேன் டிரம்ஸில் உயர் ஒலியைக் குறைக்கச் சொல்வார், கிட்டாரைத் தாழ்த்தி மந்தமாக்கச் சொல்வார். வெளியாள் வேண்டும் என்று முடிவானது. கம்பெனி கொடுத்த பெயர்ப் பட்டியலில் ஆண்டி வாலஸ் என்பவர் 'ஸ்லேயர்' என்ற ஹெவி மெட்டல் குழுவுக்கு மிக்ஸ் செய்தவர் என்று பார்த்ததும் கோபேன் அவரையே தேர்ந்தெடுத்தார். வாலஸ் டிரம்ஸுக்கு எதிரொலி சேர்த்தார், சாம்பிள் எனப்படும் முன்பே பதிவு செய்து வைத்த ஒலிகளையும் கலந்தார், கிட்டார்களை அகலமாக விரித்தார். 1991 ஆகஸ்டில் ஹோவி வைன்பெர்க் மாஸ்டரிங் செய்தார்.

இந்த வேறுபாட்டைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2011-ல் வந்த இருபதாம் ஆண்டு சூப்பர் டீலக்ஸ் பதிப்பில், விக் செய்த முதல் மிக்ஸ் 'டெவன்ஷயர் மிக்ஸஸ்' என்ற தலைப்பில் இருக்கிறது. அதே பதிப்பில் மேடிசன் பதிவுகளும், ஒத்திகையின்போது சாதாரண டேப் ரெக்கார்டரில் பிடித்தவையும் உண்டு. 'இன் ப்ளூம்' பாட்டை எடுத்து, மேடிசன் பதிவு, டெவன்ஷயர் மிக்ஸ், ஆல்பத்தில் வந்தது என்ற வரிசையில் கேளுங்கள். பாட்டு ஒன்றுதான். டிரம்மர் மாறுகிறார், அறை மாறுகிறது, கடைசியில் மிக்ஸ் மாறுகிறது.

ஒப்பிடும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே காதுக்குத் தோன்றும். மூன்றையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்த பிறகுதான் எது பிடித்திருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். 2011 மறுமாஸ்டரிங் பதிப்பிலும் இதே வலை இருக்கிறது. 1991 பதிப்பைவிட அதன் ஒலியளவு உயர்ந்தது. அப்படி உயர்த்தும்போது மெல்லிய சரணத்துக்கும் உரத்த பல்லவிக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். இந்த ஆல்பத்தின் உயிரே அந்த இடைவெளிதான் என்பதால், பழைய 1991 சிடி கிடைத்தால் அதையே கேளுங்கள் என்பேன்.

கம்பெனி எதிர்பார்த்தது இரண்டரை லட்சம் பிரதி. அமெரிக்காவில் முதலில் கடைகளுக்கு அனுப்பியது 46,251. அமெரிக்க விற்பனைப் பட்டியலான பில்போர்டில் 144-ஆம் இடத்தில் நுழைந்து, 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைக் கீழே தள்ளி முதலிடம் பிடித்தது. கடைக்காரர்களின் வாய்க்கணக்கை விட்டுவிட்டு, உண்மையில் விற்ற பிரதிகளை எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறைக்கு பில்போர்டு மாறி அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன.

கோபேனுக்கு மட்டும் பிறகு இந்த மிக்ஸ் கசந்தது. அளவுக்கு மீறி மெருகேற்றிவிட்டார்கள், பங்க் ராக்கைவிட மோட்லி க்ரூ என்ற பளபளப்பான ஹார்ட் ராக் குழுவுக்குத்தான் நெருக்கம் என்று சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் மிக்ஸ் நடந்தபோது அவர் அதை விரும்பினார் என்பதும் உண்மை. மூன்றாவது ஆல்பமான 'இன் யூட்டரோ'வுக்குப் பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியிடம் போனார்கள். 1993 பிப்ரவரியில் மினசோட்டாவின் பேக்கிடெர்ம் ஸ்டுடியோவில், அறையின் ஓசையை மைக்குகளால் பிடித்து, அடுக்குகளைக் குறைத்து, இரண்டு வாரத்தில் முடித்தார்கள். மேலே சொன்னவற்றைக் கேட்டுப் பழகியபின் அந்த ஆல்பத்தின் முதல் பாட்டைப் போடுங்கள். டிரம்ஸ் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, குரல் எத்தனை என்று பாருங்கள்.